ஸ்கெக்கியின் காளையும் ஹல்பெராவின் தாடியும்

ஸ்கெக்கி என்றால் தாடிக்காரன் என்று பொருள். ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில், திமிங்கலக் குடாவில், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு முகத்தில் ஒரு முடிகூட இல்லாமல் நடமாடிய ஒரே ஆள் அவன்தான். பெயர் அவன் கேட்டு வாங்கியதல்ல. அவனுடைய தாத்தாவும் ஸ்கெக்கிதான். அவர் தாடி இடுப்பு வாரில் செருகும் நீளம். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தபோது நடுக்கடலில் பாய் கிழிந்துபோக, அந்தத் தாடியை விரித்துக் கட்டித்தான் கரை சேர்ந்தார்கள் என்று அந்த வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அவர் செத்த கையோடு பேரன் பிறந்தான். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தாடிதான் வரவில்லை.

வாலிபத்தில் அவன் செய்து பார்க்காத வைத்தியம் கிடையாது. திமிங்கல நெய் தடவினான். சாம்பலைக் குழைத்துப் பூசினான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கோழி எச்சத்தைத் தாடையில் அப்பிக்கொண்டு திரிந்தான். ஒன்றும் முளைக்கவில்லை, கோழிகள்தான் அவனைத் தங்களில் ஒருவனாக நினைத்துப் பின்னாலேயே வந்தன. பெண் பார்க்கப் போன இடங்களில், இது தம்பியா தங்கச்சியா என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கோபமே வராத பிறவி அவன். தானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, உலர்மீனில் வெண்ணெயை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தடவித் தின்பான்.

வீட்டை ஆண்டது அக்கா யோரா. கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். நாக்கு கத்தி மாதிரி. அந்தக் கத்தி இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்புகூட எரிந்திருக்காது. அவர்களோடு தோகி என்று ஒரு நடுவயதுப் பண்ணையாள். ஓட்டத்தில் சூரன், மற்ற வேலைகளில் சுமார்.

நான்காவதாக ஒரு காளை.

அது பிறந்த அன்றே தாய்ப்பசு போய்விட்டது. ஸ்கெக்கி கன்றைத் தூக்கி வந்து, அடுப்போரத்தில் போட்டு, கொம்புக் குவளையில் பாலூட்டி வளர்த்தான். சாம்பல் நிறம். பார்ப்பதற்கு ஓநாய்க் குட்டி மாதிரி இருந்ததால் ஃபென்ரிர் என்று பெயர் வைத்தான். வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று யோரா கேட்டாள். தேவர்கள் ஆசையாக வீட்டுக்குள் வளர்த்து, பிறகு வளர வளரப் பயந்து நடுங்கிய ஓநாயின் பெயர் அது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் அழுகிற குழந்தை வாயை மூடும்.

காளையும் பெயருக்கு ஏற்றபடி வளர்ந்தது. ஒரு காலையில் வெளியே போக நினைத்து வாசல்வழி நுழைந்தபோது வாசல் போதவில்லை. காளை அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலைச்சட்டத்தை அப்படியே பெயர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தச் சட்டத்தோடு ஊரைச் சுற்றி வந்த காளையைப் பார்த்தவர்கள், ஒரு வீடு நடந்து வருகிறது என்று நினைத்துக் கும்பிட்டார்களாம். வீடில்லாத வாசலுக்குப் பின்னால் ஸ்கெக்கி, "வாடா கண்ணு, வீட்டுக்குப் போலாம்டா" என்று கெஞ்சிக்கொண்டே ஓடினான்.

காளைக்கு அவன்மீது பிரியம் உண்டு. அவனைக் கண்டால் ஓடி வந்து தாடையை நக்கும். அதனால்தான் முடி முளைக்கவில்லை என்றும் ஊரில் ஒரு கட்சி உண்டு. ஆனால் சொன்ன பேச்சை மட்டும் கேட்காது. பக்கத்துப் பண்ணைக்காரன் கிளூமுடைய புல்போரில் ஏறி நின்று தின்றது. பிறகு அவனுடைய பால்வீட்டில் நுழைந்து கெட்டித் தயிர்ப் பீப்பாய்க்குள் தலையை விட்டு, வெள்ளை முகத்தோடு ஆற்றங்கரைக்கு வந்தது. அங்கே துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் செத்தவர்கள் எழுந்து வந்துவிட்டதாக நினைத்து, ஆளுக்கொரு துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். அந்தத் துணிகளைப் பார்த்துக் காளையும் பயந்து ஓடியது.

வசந்தகாலச் சபையில் கிளூம் எழுந்தான். கிளூம் நல்ல சதைப்பிடிப்பான ஆள். பிறரைக் கேலி செய்யாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. ஆனால் தயிர் விஷயத்தில் அவனுக்கு வேடிக்கை கிடையாது. புல்லறுப்பு தொடங்குவதற்குள் ஸ்கெக்கி காளையைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்ட வேண்டும் என்று கேட்டான். சபை ஒப்புக்கொண்டது. ஸ்கெக்கி கலங்கிப்போனான்.

முதலில் குதிரைமுடிக் கயிறு திரித்தான். தோகி மெதுவாகப் பின்பக்கமாகப் போய்க் கட்டினான். காளை ஒரு தடவை தும்மியது, கயிறு அறுந்தது. அடுத்து வால்ரஸ் என்ற கடல்மிருகத்தின் தோலில் செய்த வடம். கப்பலையே இழுத்து நிறுத்துகிற சாமான் அது. காளை அதைப் புது விளையாட்டு என்று நினைத்து உற்சாகமாகிவிட்டது. வடம் அறுந்த வேகத்தில் தோகியைத் துரத்தி, அவன் வேலியைத் தாண்டும் தறுவாயில் கால்சட்டையின் பின்பாதியைக் கவ்விப் பிடுங்கி, நின்று நிதானமாக மென்றது. அன்று தோகி சுவரோரமாகவே நடந்து வீடு வந்து சேர்ந்தான்.

இதையெல்லாம் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் கிளூம்.

"என்னடா ஸ்கெக்கி, கதையே தெரியாத ஆளா இருக்கியே. தேவருங்க ஓநாயைச் சங்கிலியாலயா கட்டினாங்க? ரெண்டு சங்கிலி போட்டாங்க, ரெண்டையும் அறுத்துப் போட்டுச்சு. அப்புறம் குள்ளருங்ககிட்ட சொல்லி ஒரு நாடா செஞ்சாங்க. பட்டு மாதிரி மெல்லிசு. அதுலதான் மாட்டிச்சு."

"எதுல செஞ்சாங்க?"

கிளூம் விரல்விட்டு எண்ணினான். "பூனையோட காலடிச் சத்தம். மலையோட வேர். மீனோட மூச்சு. பறவையோட எச்சில். கரடியோட நரம்பு." கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பண்ணையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "அப்புறம், பொம்பளை தாடி."

அந்தப் பண்ணை ஹல்பெராவுடையது. விதவை. ஆட்டுக்கடாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடக்கிறவள். அவளுடைய தாடையில் செம்பட்டை நிறத்தில் கொஞ்சம் விறைப்பான முடிகள் உண்டு. அதைப் பற்றிக் குடாவில் ஒருவரும் பேசுவதில்லை. ஒரே ஒருவன்தான் ஒரு விருந்தில் பேசினான். அவனை அவள் பிடரியில் பிடித்துத் தூக்கி, இறைச்சி ஊறப்போடும் புளித்த தயிர்த்தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். அவன்தான் கிளூம். தனக்குக் கிடைத்த மரியாதை இன்னொருவனுக்கும் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அவன் இந்த யோசனையைச் சொன்னான்.

ஸ்கெக்கி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டான்.

பூனைச் சத்தத்துக்கு ஆட்டு ரோமத்தைத் தரையில் பரப்பி, மேலே பூனையை நடக்கவிட்டு, காதைத் தரையில் வைத்துக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. "பாத்தியாக்கா, சத்தம் பூராவும் ரோமத்துக்குள்ள போயிடுச்சு" என்றான். யோரா பூனையைத் தூக்கிக்கொண்டு போனாள். மலைவேருக்குத் தோகி மண்வெட்டியோடு மலையடிவாரத்துக்குப் போனான்; சாப்பாட்டு நேரம்வரை தோண்டிவிட்டு ஒரு காட்டுச்செடி வேரைக் கொண்டுவந்து கொடுத்தான். மலை அதுக்கு மேல விடமாட்டேங்குது என்றான். மீன் மூச்சுக்குப் படகில் போய், பிடிபட்ட காட் மீன் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் ரோமத்தை எதிரே பிடித்தார்கள். மீன் வாலால் ஸ்கெக்கியின் கன்னத்தில் ஓர் அறை விட்டது. மூச்சு பலமாகத்தான் இருக்கிறது என்று அவன் திருப்திப்பட்டான்.

கரடி பெரிய சிக்கலாயிற்று. இந்தத் தீவில் கரடி ஏது? நார்வேக் கப்பல் வரும்வரை காத்திருக்கவும் முடியாது. கடைசியில் பியோர்ன் கிழவர் நினைவுக்கு வந்தார். பியோர்ன் என்றாலே கரடிதானே. அவரிடம் போய் ஒரு நரம்பு வேண்டும் என்றான். கிழவர் வெகுநேரம் யோசித்தார். இருக்கிற நரம்பெல்லாம் தனக்கே பற்றவில்லை என்றும், வேண்டுமானால் காலணியைக் கட்டியிருக்கும் நரம்புக்கயிற்றைத் தருவதாகவும் சொன்னார். அது மாட்டு நரம்பு. ஆனால் பல வருஷமாகக் கரடியின் காலில் இருந்தது. போதும் என்று ஸ்கெக்கி வாங்கிக்கொண்டான்.

பறவை எச்சில் மட்டும் கேட்காமலே கிடைத்தது. கடலோரப் பாறைமுகட்டில் ஃபுல்மர் பறவைகள் கூடு வைத்திருக்கும். கிட்டே போனால் வயிற்றிலிருந்து எண்ணெயாய்த் துப்பும். அந்த நாற்றம் துவைத்தாலும் போகாது, துணியை எரித்தாலும் புகையில் வரும். ஸ்கெக்கி ரோமத்தோடு பாறை விளிம்புக்கு மேலே தலையைத் தூக்கினான். வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் துப்பின. வீட்டுக்கு வந்தவனை யோரா உள்ளே விடவில்லை. கதவிடுக்கு வழியாகச் சாப்பாடு போட்டாள்.

அந்த வாசனையோடுதான் அவன் ஹல்பெராவிடம் போனான்.

அவள் முற்றத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கெக்கி தூரத்திலேயே நின்றான். மழையைப் பற்றிப் பேசினான். ஆடுகளைப் பற்றிப் பேசினான். மழையில் நனையும் ஆடுகளைப் பற்றிப் பேசினான். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடியே உன் நாத்தம் வந்துடுச்சு. விஷயத்தைச் சொல்லு" என்றாள்.

சொன்னான். காளை, சபை, நாடா, பூனை, மீன், கரடி, பறவை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, கடைசிப் பொருளின் பெயரைச் சொல்லாமல் தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். தீட்டுகிற சத்தம் நின்றது.

"யார் அனுப்பினது? கிளூமா?"

"யோசனை அவனோடது. ஆசை என்னோடது."

"ஆசையா?"

ஸ்கெக்கி தரையைப் பார்த்தபடி பேசினான். "நீங்க கோவிச்சுக்கக் கூடாது. சபையில உங்களைப் பாக்கறப்பல்லாம் நான் அதைத்தான் பாப்பேன். வெயில் பட்டா தங்கம் மாதிரி மின்னும். இதுல பாதி எனக்கு இருந்தா எப்படி இருக்கும்னு நெனைச்சுக்குவேன். ஒண்ணு குடுத்தாப் போதும். உங்களுக்குக் கொறைஞ்சு போயிடும்னா வேணாம்."

ஹல்பெராவின் தோள்கள் குலுங்கின. முதலில் அவளுக்கு இருமல் என்று நினைத்தான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு எழுந்து வந்து அவனைப் பிடரியில் பிடித்துத் தூக்கித் தயிர்த்தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். கேலிக்காக அல்ல, நாற்றத்துக்காக. புளிப்பில் ஊறினால்தான் அந்த எண்ணெய் போகும் என்று சொல்லி, ஒரு முரட்டுத் துடைப்பத்தால் தலையிலிருந்து கால்வரை தேய்த்தும் விட்டாள். அவனை அப்படி யாரும் அக்கறையாகத் தேய்த்ததில்லை.

அவன் ஊறி வெளியே வந்ததும், இருப்பதிலேயே நீளமான முடியைத் தேடித் தானே பிடுங்கினாள். ஆனால் அவன் கையில் கொடுக்கவில்லை. தன் உடம்பில் விளைந்த பொருளைத் தானே வந்து கட்டுவதாகச் சொல்லிவிட்டாள்.

யோரா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நாடாவைப் பின்னிக் கொடுத்தாள்; முடியை மட்டும் ஹல்பெரா தானே அதில் கோத்துக்கொண்டாள். புல்லறுப்புக்கு முந்தைய நாள் குடாவே ஸ்கெக்கியின் மேய்ச்சல் நிலத்தில் கூடிவிட்டது. கிளூம் எல்லாருக்கும் முன்னால் ஒரு கல்மீது இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான். கதையில் ஓநாய் சும்மா கட்ட விடவில்லை, யாராவது ஒருவர் வாய்க்குள் கையை வைத்தால்தான் விடுவேன் என்றது, ஒரு தேவனுக்குக் கையே போயிற்று. இங்கே யார் கை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். எல்லாரும் தோகியைப் பார்த்தார்கள்.

"நான் ஏற்கெனவே கால்சட்டை குடுத்துட்டேன்" என்றான் தோகி.

ஹல்பெரா நாடாவோடு நேராகக் காளையிடம் நடந்தாள். காளை தலையைத் தூக்கி மோந்தது. மீன், பறவை, காலணி, பூனை எல்லா வாசனையும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். நாக்கை நீட்டியது. அவள் கையிலிருந்த நாடாவைச் சுருட்டி உள்ளே இழுத்து, ஒரே விழுங்கில் விழுங்கிவிட்டது.

கூட்டம் காளையின் வாயையும் ஹல்பெராவின் வெறுங்கையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கிளூம் சிரித்தான். கல்லிலிருந்து சரிந்து, புல்லில் கவிழ்ந்து, கையால் தரையை அடித்துச் சிரித்தான். தரையில் புரளுகிற சதைப்பிடிப்பான ஒன்றைக் கண்டதும் காளைக்கு ஆர்வம் வந்துவிட்டது. தலையைத் தாழ்த்திக்கொண்டு கிளம்பியது. கிளூமின் சிரிப்பு பாதியில் நின்றது. காளை ஹல்பெராவைக் கடந்து போகும்போது அவள் அதன் மூக்கில் ஓர் அறை விட்டாள்.

"உக்காருடா, எருமை."

காளை நின்றது. பிறந்ததிலிருந்து அதை எல்லாரும் கெஞ்சியிருக்கிறார்கள், கொஞ்சியிருக்கிறார்கள், அதைக் கண்டு ஓடியிருக்கிறார்கள். திட்டியதில்லை. அதற்கு இது புதிது. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு சபையில் நடந்த வழக்குதான் பெரிய வழக்கு. கட்டவில்லையே, ஆகவே வெட்ட வேண்டும் என்றான் கிளூம். கட்டித்தான் இருக்கிறது, உள்பக்கமாகக் கட்டியிருக்கிறது என்றான் ஸ்கெக்கி. இல்லாவிட்டால் ஏன் உட்கார்ந்தது? ஹல்பெராவின் கைக்குத்தான் உட்கார்ந்தது என்றார்கள் சிலர். அந்த அறையை வாங்கியிருந்தால் தானும் உட்கார்ந்திருப்பேன் என்றார் பியோர்ன் கிழவர். கட்டு மாட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று யோரா கேட்டதும் சட்டத்தையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த சட்டம் சொல்பவர் கண்ணை மூடி முழுச் சட்டத்தையும் மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தார். அதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இல்லை என்றார். ஆகவே நாடா வயிற்றுக்குள் இருக்கும்வரை காளை கட்டப்பட்டதாகவே கருதப்படும், வெளியே வந்துவிட்டால் அவிழ்ந்ததாகும் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பு தோகிக்கு. புல்லறுப்பு முழுக்க அவன் ஒரு குச்சியோடு காளையின் பின்னாலேயே நடந்தான். கிளூம் தினமும் வேலிக்கு வந்து, "வந்துச்சா?" என்பான். "வரல" என்பான் தோகி. இதுவே அந்தக் கோடையில் இரண்டு பண்ணைக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை. நாடா வரவே இல்லை. தோகி சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னவர்களிடம் அவன் குச்சியை நீட்டினான். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் காளை ஹல்பெரா சொன்னால்தான் கேட்டது. அது வேலியைத் தாண்டும்போதெல்லாம் தோகி ஆற்றைக் கடந்து ஓடி அவளைக் கூட்டி வர வேண்டியிருந்தது. முதல் பனி விழுந்த ஒரு காலையில் அவள் காளையை அதட்டிக் கொட்டிலில் விட்டுவிட்டு, வாசலில் ஈரப் பாவாடையைப் பிழிந்தாள்.

"இங்க பாரு ஸ்கெக்கி. தண்ணியில நடந்து நடந்து என் முழங்கால் போச்சு. ஒண்ணு, மாட்டை என் வீட்டுக்கு அனுப்பு. இல்லேன்னா நான் இங்க வந்துடறேன்."

ஸ்கெக்கி யோசித்தான். "மாடு அங்க வந்தா நானும் கூட வரணுமே. அது என்னை விட்டுட்டு இருக்காது."

"நான் இங்க வந்தா?"

"அப்ப யாரும் எங்கயும் போக வேணாம்."

"அதைத்தான் சொல்றேன்."

"ஆனா உங்க வீடு சும்மா கெடக்குமே?"

உள்ளேயிருந்து யோராவின் குரல் வந்தது. "அட மக்கு. அவ உன்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேக்கறாடா."

ஸ்கெக்கிக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. ஹல்பெரா பாவாடையைப் பிழிவதை நிறுத்தவில்லை. ஆனால் பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை. அவன் உள்ளே ஓடிப்போய், வெண்ணெய் தடவிய உலர்மீன் ஒன்றை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். அவள் அதை அங்கேயே நின்று தின்று முடித்தாள். கல்யாணம் அந்தக் குளிர்காலத்திலேயே நடந்தது. ஹல்பெராவின் பண்ணைக்கு யோரா போய்க் குடியேறி, அங்கே தானே ராணியாக இருந்தாள்.

அவர்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அம்மாவின் தோளும் அப்பாவின் குணமும். குளிர்கால விருந்துகளில் ஓநாயின் கதையைச் சொல்ல ஸ்கெக்கியைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவன் சொல்லும்போது ஓநாய்க்குக் கெட்ட எண்ணமே இருக்காது. பசி மட்டும்தான் இருக்கும். தேவர்கள் அதைக் கொஞ்சம் அதட்டி வளர்த்திருந்தால் போதும் என்று முடிப்பான். ஹல்பெரா எதிரே உட்கார்ந்து, அவன் தப்பாகச் சொல்லும் இடங்களைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

காளைக்கு வயதான பிறகு ஒரு கோடையில், நல்ல உச்சிவேளையில், சூரியன் இருட்டத் தொடங்கியது. ஓர் ஓரத்திலிருந்து யாரோ கடித்துத் தின்பது போலக் கறுத்துக்கொண்டே வந்தது. பறவைகள் பாறைக்குத் திரும்பின. உலகம் முடியும் நாளில் ஓநாய் கட்டை அறுத்துக்கொண்டு கிளம்பும், சூரியன் விழுங்கப்படும் என்று எல்லாருக்கும் தெரியும். குடாவில் அத்தனை பேருக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது. ஈட்டி, மண்வெட்டி, கரண்டி என்று கைக்குக் கிடைத்ததோடு ஸ்கெக்கியின் வீட்டுக்கு ஓடினார்கள். முதலில் வந்து சேர்ந்தவன் கிளூம். கையில் தயிர்ப் பீப்பாயின் மூடியைக் கேடயமாகப் பிடித்திருந்தான்.

"அவுந்துடுச்சா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

ஹல்பெரா கொட்டிலைக் காட்டினாள். அரையிருட்டில் காளை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில், அதன் வயிற்றில் சாய்ந்தபடி ஸ்கெக்கி தூங்கிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் ஈட்டிகளைத் தாழ்த்தி, காளை முழித்துக்கொள்ளாதபடி மெதுவாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. இவ்வளவு தூரம் வந்தது வந்தாயிற்று, அந்த மேட்டுப் புல்லை வாரிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள் ஹல்பெரா. மறுக்கும் தைரியம் யாருக்கும் இல்லை. மாலைக்குள் போர் போட்டு முடித்தார்கள். எல்லாருக்கும் கிண்ணம் நிறையத் தயிர் கிடைத்தது. ஸ்கெக்கி எழுந்து வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்று என்ன விசேஷம் என்று கேட்டான்.